வயிற்று வலிக்கு வந்த அக்கா

ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. மற்ற நாள்களை எப்படியோ ஓட்டிவிடுகிறேன். வியாழன் காலையில் மட்டும் விடிந்ததுமே எழுந்து, தலை வாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் வீடு. மின்சார ரயில்கள் போவதும் வருவதுமாக இருக்கும். என் காது என்னவோ தெருமுனையில் திரும்பும் கல்லூரி பஸ்ஸின் ஹாரனுக்குத்தான் காத்திருக்கும். அந்த பஸ் இப்போது வேறொருவரை ஏற்றிக்கொண்டு போகிறது. எனக்கு அது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நான் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்தவள். டாக்டர்கள் கூட்டத்தில் எங்கள் துறைக்குப் பெரிய மவுசு கிடையாது. இதயத்தை அறுக்கிறவனுக்கு இருக்கும் மரியாதை, ஊர் ஊராகப் போய்க் கக்கூஸ் இருக்கிறதா என்று கேட்கிறவளுக்கு இருக்குமா? ஆனால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. வாரா வாரம் வியாழக்கிழமை மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் கல்லூரி நடத்திய சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போவேன்.

பஸ் கிளம்பியதும் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பெரியபாளையத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துவார். பிறகு ஆரணி, புதுவாயல் என்று போய் நெடுஞ்சாலையைப் பிடிப்போம். ஆடி மாதம் என்றால் பெரியபாளையத்தைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வேப்பிலை கட்டிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு நடுவே பஸ் ஆமையாக நகரும். பிள்ளைகள் எழுந்து ஜன்னல் வழியாக போண்டா வாங்குவார்கள். "இன்னா மேடம், இதுங்க தூங்கிக்கினும் துன்னுக்கினுமே டாக்டர் ஆயிடும் போலகீதே" என்பார் டிரைவர். இன்று அந்த போண்டா வாசனை எங்காவது அடித்தால் எனக்கு ஒரு பஸ் நிறையத் தூங்கும் பிள்ளைகள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

சுகாதார நிலையம் முன்னொரு காலத்தில் ரைஸ் மில்லாக இருந்த கட்டடம். மழை பெய்தால் சுவரிலிருந்து தவிட்டு வாடை வரும். பின்னாலேயே தொழிற்பேட்டை. கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர்கள், மெஷினில் விரல் மாட்டிக்கொண்டவர்கள், நாள் முழுக்க நின்றபடி பேக்கிங் செய்து கால் வீங்கிய பெண்கள், தமிழ் தெரியாமல் வலிக்கிற இடத்தை மட்டும் தொட்டுக் காட்டும் வடநாட்டுப் பையன்கள் என்று கூட்டம் நெரியும்.

அங்கே நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நோயாளி வந்து உட்கார்ந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டும். என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். அதுவரை எவனும் பேனாவைத் தொடக் கூடாது. தலையைத் தூக்காமலே "எத்தனை நாளா?" என்று கேட்டுச் சீட்டு எழுதும் டாக்டர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை என் கூடப் படித்தவனையே அவனுடைய கிளினிக்கில் வைத்து, நோயாளிகள் முன்னாலேயே திட்டியிருக்கிறேன். அவன் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. போகட்டும்.

திருநர்களின் உடல்நலம் பற்றியும் பாடம் எடுக்க வேண்டும் என்று ஒரு வருடம் உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் படித்த காலத்தில் அவர்களைப் பற்றிப் புத்தகங்களில் இருந்ததெல்லாம் படிக்கவே கூசும். எங்கள் ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டுப் போவார்கள். அதனால் இந்தப் பாடத்தை நான் கல்யாணச் சமையல் மாதிரி ஆசை ஆசையாகத் தயார் செய்தேன். பெயரை எப்படிக் கேட்பது, மரியாதையாக எப்படிப் பேசுவது, ஹார்மோன் மாத்திரைகள், அறுவை சிகிச்சைகள், எந்தெந்த நோய்க்குப் பரிசோதனை செய்வது, வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்களின் மனக்கஷ்டம், தற்கொலை எண்ணம் உண்டா என்று பக்குவமாகக் கேட்பது என்று ஒன்று விடவில்லை. பிள்ளைகள் கடைசி பெஞ்சு உட்பட விழித்திருந்து கேட்டார்கள். ஆசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அடுத்த வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டியில் அக்கா வந்தார்.

என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் துளி மல்லிகை. திருநங்கை என்பதால் வேறு ஒரு இடத்தில் காய்ச்சலுக்குப் போனபோது ஆளாளுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்களாம். அதிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. எங்கள் நிலையத்து நர்ஸ்தான், "எங்க டாக்டர் பசங்க தங்கமான பசங்க, வந்து காட்டு" என்று சொல்லி வரவழைத்திருந்தார். அக்கா வேலைக்கு நடுவே அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அவர் வந்த நேரம் நான் பின்னறையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவ மாணவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தில் படித்தது நேரில் வந்துவிட்டால் அதற்கு 'நல்ல கேஸ்' என்று பெயர். ஈரல் வீங்கிய மனிதர் வந்தால் அவர் பாவம், நமக்கு நல்ல கேஸ். உடனே போனில் செய்தி பறக்கும். டீக்கடையில் இருப்பவன், பஸ்ஸில் தூங்குகிறவன் எல்லோரும் ஓடி வந்து அந்த ஈரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அன்றும் செய்தி பறந்தது. போன வாரம் மேடம் நடத்திய பாடம் இந்த வாரம் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்றால் விடுவார்களா?

முதலில் உட்கார்ந்து கேட்டவள் வகுப்பிலேயே முதல் மாணவி. அப்பா மீஞ்சூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த வீட்டிலிருந்து டாக்டருக்குப் படிக்க வந்த முதல் ஆள். கல்லூரிக்குள் நுழைந்ததும் மீஞ்சூர்ப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி பேசப் பழகியிருந்தாள்.

"உங்களை எப்படிக் கூப்பிடுவது உங்களுக்குப் பிடிக்கும்?" என்று ஆரம்பித்திருக்கிறாள். எப்போது உணர்ந்தீர்கள், ஹார்மோன் எடுக்கிறீர்களா, அறுவை சிகிச்சை எங்கே நடந்தது, துணை யாரும் உண்டா, பரிசோதனைகள் செய்தீர்களா, தூக்கம் வருகிறதா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா? நான் நடத்திய வரிசை மாறவில்லை. மரியாதையிலும் ஒரு குறை இல்லை. நடுநடுவே அக்கா, "வயித்து வலிம்மா" என்றாராம். "சரிங்க அக்கா, அதற்கும் வருகிறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள். அவள் ஓய்ந்த இடத்தில் பக்கத்தில் நின்றவன் ஆரம்பித்திருக்கிறான். சுற்றிலும் வெள்ளைக் கோட்டுகள் வேலி கட்டினாற்போல நின்றிருக்கின்றன.

நாற்காலி கீழே விழும் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"வலி தாங்காம வேலைய உட்டுட்டு ஓடியாந்தா, எப்ப அறுத்த, எங்க அறுத்த, யாரு கூட கீறன்னு கேட்டுக்கினு கீறீங்க! இத்தினி பேரு நிக்கிறீங்களே, ஒருத்தராவது என் வவுத்துல கை வச்சீங்களா?"

அக்கா விறுவிறுவென்று வெளியே போனார். போனார் என்று சொல்கிறேனே தவிர, அது நடையா? இடுப்பை வளைத்து, வலது அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அந்த நடையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. குடல்வால் பழுத்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். அது உள்ளேயே வெடித்துவிட்டால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் இந்தப் பெண் பிழைப்பது கஷ்டம்.

நான் ஓடினேன். என் முழங்கால்கள் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மீஞ்சூர்ப் பெண் என்னைத் தாண்டி ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பின் சிமெண்டு பெஞ்சில் அக்கா சுருண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, "இது சாதாரண வலி இல்லம்மா. உயிருக்கே ஆபத்து. உள்ளே வாங்க, நானே பார்க்கிறேன்" என்றேன்.

"வர மாட்டேன் டாக்டரம்மா. ஊட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாப் பூடும்."

"சரியாகாது. செத்துப்போயிடுவீங்க."

"சாவறேன். எங்கூட்டுல மனுசியா சாவறேன். அங்க வந்து பொம்ம மாரி குந்திக்கினு சாவ மாட்டேன்."

எனக்குத் தெரிந்த அதட்டல், கெஞ்சல் எல்லாம் செய்து பார்த்தேன். பேராசிரியர் என்றேன். பொறுப்பு நான் என்றேன். அந்தப் பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்தில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. கையைத் தூக்கி நிறுத்தினார். ஒரு கையால் பெஞ்சை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதுவரை ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்த மீஞ்சூர்ப் பெண், வெள்ளைக் கோட்டோடு அப்படியே ரோட்டுப் புழுதியில் அக்காவின் காலடியில் குந்தினாள். செய்தி வாசிக்கும் தமிழ் எங்கே போயிற்றோ.

"யக்கா, இன்னாக்கா பண்ணுது? எங்க வலிக்குது, காட்டுக்கா."

அக்கா அவள் பக்கம் திரும்பினார். "இப்பத்தான் கேக்குறியா?"

"ஆமாக்கா. இப்பத்தான் கேக்குறேன்."

"வராங்களா, இல்லியா? பேஜார் பண்ணாதீங்கம்மா" என்று ஆட்டோக்காரர் ஹாரனை அடித்தார். அக்கா காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார்.

"காத்தால தொப்புளாண்ட வலிச்சுது. இப்ப இந்தப் பக்கம் வந்து குத்துது. துன்னது எல்லாம் வாந்தி வந்துடுச்சு."

அவள் மெதுவாக அழுத்தினாள். சட்டென்று கையை எடுத்தாள். அக்கா வீல் என்று அலறினார். கையை எடுக்கும்போது அப்படி வலித்தால் குடல்வால்தான். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எந்தப் பரீட்சையிலும் ஒரு மாணவியின் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

அதே ஆட்டோவில் நிலையத்துக்குத் திரும்பி, அங்கிருந்து கல்லூரி ஜீப்பில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அந்தச் சாலையில் அத்தனை வேகத்தடைகள் இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொன்றிலும் ஜீப் ஏறி இறங்கும்போது அக்கா டிரைவரின் குலத்தையே இழுத்துத் திட்டினார். மீஞ்சூர்ப் பெண் அவர் கையை விடவில்லை. பெரியபாளையம் தாண்டும்போது கோயில் இருக்கும் திசையைப் பார்த்து அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த வார்டுல போடுவீங்க டாக்டரம்மா?"

"பெண்கள் வார்டில்தான்."

"சத்தியமா?"

"அந்த ஆஸ்பத்திரியில என் பேச்சை யாரும் மதிக்க மாட்டாங்க. ஆனா நான் சண்டை போட ஆரம்பிச்சா எல்லாரும் பயப்படுவாங்க" என்றேன். அந்த வலியிலும் அக்கா சிரித்தார். சண்டை போடத் தேவை வரவில்லை. கொஞ்சம் முறைத்ததே போதுமாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று அறுவை சிகிச்சை செய்தவர் சொன்னார். மறுநாள் நான் பார்க்கப் போனபோது அக்கா விழித்திருந்தார். போர்வையை முகம்வரை இழுத்து மூடியிருந்தார். பக்கத்துக் கட்டிலில் பெரியபாளையம் கோயிலடியில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர். அவர் எட்டிப் பார்த்து, "உனுக்கு இன்னா ஆபரேசனு?" என்று கேட்டார்.

போர்வைக்குள் அக்கா விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது. முகத்தைக் காட்டாமலே, "கொடல்வாலு" என்றார்.

"அவ்ளோதானா? எனுக்குப் பித்தப்பையில கல்லு" என்று தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் குலுக்கிக் காட்டினார் அந்த அம்மா. "பாரு, எவ்ளோ கீதுன்னு!" அக்கா போர்வையை விலக்கி, டப்பாவை வாங்கிப் பார்த்தார். அன்று சாயங்காலம் நான் திரும்பப் போனபோது, கல்லா குடல்வாலா, எதில் வலி அதிகம் என்று இரண்டு பேருக்கும் வழக்கு முற்றியிருந்தது. வார்டு முழுக்கப் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்திருந்தது.

அடுத்த வருடம் பாடம் எடுக்கும் நாள் வந்தபோது, வகுப்புக்கு வந்து பேச முடியுமா என்று அக்காவைக் கேட்டேன்.

"இன்னாத்தப் பேசறது? என் கதைய அழுதுக்கினு சொல்லணும், அதுங்க உச் கொட்டணும், அதானே? அதெல்லாம் நம்மால ஆவாது" என்றார். அப்புறம் அவரே, "வேணும்னா நோயாளியா வந்து குந்துறேன். அதுங்க வந்து என்னைப் பாக்கட்டும்" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பாடம் அக்கா இல்லாமல் நடந்ததில்லை. வருடா வருடம் ஒரு புது வியாதியோடு வருவார். ஒரு வருடம் பல்வலி. ஒரு வருடம் காதில் சீழ். ஒரு வருடம் காலாணி. மாணவர் ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார வேண்டும். வியாதியை விட்டுவிட்டு யாராவது வேறு பக்கம் போனால், அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து கதவை நோக்கி நடப்பார். வகுப்பே சிரித்து உருளும். காதுவலி வருடத்தில் அவர் நடந்த நடைக்கு அவருக்கே மூச்சு வாங்கியது.

அப்புறம் அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஒரு வருடம் வேண்டுமென்றே கெண்டைக்கால் வீங்கி வலிப்பதாகச் சொல்லச் சொன்னேன். முந்தைய வகுப்புக் கதைகளைக் கேட்டிருந்த பிள்ளைகள் ஒருவரும் ஹார்மோன் மாத்திரை பற்றி வாயே திறக்கவில்லை. சில மாத்திரைகளால் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. அங்கே கேட்டே ஆக வேண்டும். "ஏண்டா கேட்கல?" என்றேன். "அக்கா எழுந்து போயிடுவாங்க மேடம்" என்றான் ஒருவன். "எதுக்குக் கேக்குறன்னு சொல்லிட்டுக் கேளு நைனா, நா எங்கியும் போவ மாட்டேன்" என்றார் அக்கா. அந்த வருடத்து வகுப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

வகுப்பு முடிந்ததும் கேன்டீனில் எனக்கும் அவருக்கும் டீ. மீஞ்சூர்ப் பெண் படிப்பு முடிக்கும்வரை அவளும் கூட வந்து உட்காருவாள். இப்போது அவள் அறுவை சிகிச்சை மேற்படிப்புக்காக வேறு ஊரில் இருக்கிறாள். அக்காவிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு மீஞ்சூர்ப் பேச்சு வந்துவிடும். அந்த டீயையும் அந்தப் பேச்சையும் போல என் வேலையில் வேறெதையும் நான் இவ்வளவு தேடுவதில்லை.

அக்கா நோயாளியாக நடித்தாரே தவிர, நிஜமாகவே உடம்புக்கு வந்தால் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். முதலில் எனக்குத்தான் போன் வரும். எங்கே போகலாம், அங்கே யார் இருப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்பார். நான் அங்கே தெரிந்தவர்களைப் பிடித்துச் சொல்லி வைப்பேன். அதற்குப் பிறகுதான் கிளம்புவார். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அவருக்கு ஒரு சளி மாத்திரை வாங்க என் சிபாரிசு வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனசு விட்டுப்போகும்.

போன வியாழக்கிழமை நான் தலை வாரி உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அக்காவின் குரல் கரகரவென்று இருந்தது.

"ஒரே இருமலு டாக்டரம்மா. காத்தால ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தனியாவா? எனக்குப் போன் பண்ணவே இல்லையே!"

"எதுக்குன்னு உட்டுட்டேன். லைன்ல நின்னேன். உள்ள ஒரு சின்னப் பையன், டாக்டரு."

"என்ன கேட்டான்?" நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எத்தினி நாளான்னான். ரெண்டு மூணு நாளான்னேன். மாத்திர எழுதிக் குடுத்துட்டு, அடுத்த ஆளுன்னுட்டான்."

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்ல. தலையே தூக்கல டாக்டரம்மா! எனுக்கு முன்னாடி போன ஆயாவுக்கும் அதே, எனுக்கும் அதே, பின்னாடி வந்தவனுக்கும் அதே. எல்லாரையும் மாரி என்னியும் தொரத்தி உட்டுட்டான்!" கரகரத்த குரலில் அத்தனை சந்தோஷம்.

தலையைத் தூக்காமல் சீட்டு எழுதுகிறவனை வாழ்நாள் முழுக்கத் திட்டியவள் நான். அந்தப் பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கண்தான் நிறைந்தது. "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சாப்புடுறேன், சாப்புடுறேன்." அக்கா இருமிவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா இன்னா டாக்டரு அவன்? ஒரு மனுசி இருமிக்கினு முன்னாடி குந்திக்கினுகீறா, மூஞ்சியப் பாத்துப் பேச வாணாம்? நாளைக்கும் கொறையலன்னா போய் நாலு வார்த்த நல்லாக் கேக்கப் போறேன்."